முத்தம்மையின் கழுத்து

முத்தம்மை ஆச்சி பொட்டு வைக்கலாமா கூடாதா என்பதில் பினாங்கு அடுக்ககத்தின் ஒன்பதாம் மாடிக்கு இன்னும் ஒரு முடிவு வரவில்லை. ஜொகூருக்குப் போய் வருகிறேன் என்று ஒரு பையோடு இறங்கிப்போன அவள் புருஷன் சண்முகம், பதினாறு வருஷமாகத் திரும்பவில்லை. செத்தான் என்றும் சேதி இல்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருப்பதாக, பார்த்தவர்களைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆச்சி தன் பாட்டுக்குச் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டாள். சிவப்பும் இல்லை, வெறும் நெற்றியும் இல்லை. பேசுகிறவர்கள் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் திண்டாடினார்கள்.

பேசும்போது புறங்கையால் வாயை மறைத்துக்கொள்வாள். எத்துப்பல். கல்யாணத்தன்று படம் எடுத்தபோது, படக்காரரின் தோளுக்குப் பின்னால் நின்று மாமியார் இரண்டு விரலால் தன் உதட்டைச் சேர்த்துப் பிடித்துக் காட்டினாராம், மூடு என்று. அன்று மூடிய வாய். பக்கத்து வீட்டு ஷஹீதா பத்து வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தும் ஆச்சி சிரித்துப் பார்த்ததில்லை. "எங்க வூட்டுப் பூனை கூட என்னப் பாத்து ரெண்டு தடவ சிரிச்சிருக்கு" என்பாள்.

ஆச்சியின் தொழில் செத்த பெண்களை வரைவது. யாரிடமும் படித்ததில்லை. சண்முகம் போன மறு வருஷம் அந்த மாமியார் கண்ணை மூடியபோது தொடங்கியது அது. பதினாறாம் நாளுக்குப் படம் வைக்க வேண்டும். தேடினால், தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் படத்தில் பக்கத்தில் புருஷன். மற்றதில் எல்லாம் முன்னால் யாருடைய பிறந்தநாள் கேக்கோ. மிச்சம் ஐசியில், அடையாள அட்டையில், இருந்த படம்தான், கட்டைவிரல் நகத்தளவு. கடையில் அதைப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். பிசைந்த மாவில் யாரோ முகம் பதித்த மாதிரி வந்தது.

ஆச்சி ஓர் அட்டையும் சாயமும் வாங்கி வந்து உட்கார்ந்தாள். கண்ணையும் மூக்கையும் ஐசியைப் பார்த்துப் போட்டுவிட்டாள். கழுத்துக்கு வந்ததும் கை நின்றது. ஐசியில் கழுத்து வெறும் நிழல். எழுந்து கண்ணாடிக்கு முன்னால் போய், தன் கழுத்தைப் பார்த்து வரைந்தாள். "அப்படியே உயிரோட இருக்காங்க" என்று வந்தவர்கள் அழுதார்கள். இருக்காதா பின்னே? கழுத்து உயிரோடுதானே இருந்தது.

அதற்குப் பிறகு தீவிலிருந்தும் அக்கரையிலிருந்தும் ஐசியைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஐசியில் இல்லாததைத்தான் குடும்பங்கள் கேட்கும். அம்மாவுக்கு அட்டிகை வேண்டும், கை கூப்பின மாதிரி வேண்டும், தோளில் பட்டு வேண்டும். ஆச்சி ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் போனாள். இப்போது பாகான் டாலாமில் ஒரு கூடத்தில் அவள் கைகள் ஓயாமல் கும்பிட்டுக்கொண்டிருந்தன. கெலுகோரில் அவள் காது வைரத்தோடு போட்டிருந்தது. அசலுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. சுங்கை பாக்காப்பில், அஞ்சலை என்ற அம்மாளின் படத்தில், தாடையும் கழுத்தும் தோளுமாக முக்கால் ஆச்சியே இருந்தாள்.

உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடக்கூடாது என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். முழு ஆளா போட்டேன், துண்டுதானே என்று ஆச்சி தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாற்பது வீட்டுக்குப் போன துண்டு.

இப்படி இருக்கையில் கெலுகோரிலிருந்து நித்யா வந்தாள். வைரத்தோட்டு அம்மாளின் தங்கை மகள். முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே கழற்றத் தெரிந்த பெண்.

"ஆச்சி, பெரியம்மா வீட்டுல உங்க படம்தான் இருக்கு. நாங்க அர்மேனியன் ஸ்திரீட்ல ஒரு ஷோ பண்றோம். தானா கத்துக்கிட்டு வரையற பொம்பளைங்க மட்டும். ஆளுக்கு ஒரே படம், அவங்கவங்க முகம்."

"யாரு தவறிட்டா?"

"யாரும் தவறல ஆச்சி. உங்க முகம். உயிரோட."

"ஐசி தரணுமா?"

"ஐசி எதுக்கு லா, கண்ணாடி இருக்கில்ல. ஆறு வாரம் டைம்."

நித்யா போன பிறகு ஆச்சி வெகுநேரம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தி அவள் முகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அந்தப் படம் தனக்கும் வேண்டும் என்று ஆச்சிக்கு இருந்தது. எவ்வளவு வேண்டும் என்று வெளியே சொன்னால் மாடி சிரிக்கும்.

முதல் வாரம் வரைந்து முடித்து, தள்ளி நின்று பார்த்தாள். சுங்கை பாக்காப் அஞ்சலை அம்மாள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு, இந்தத் தடவை காதிலிருந்து தொடங்கினாள்; நித்யாவின் பெரியம்மா வந்து உட்கார்ந்தார். மூன்றாவது தடவை கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தைத் திருப்பினாள். கண்ணாடியில் இருந்த கழுத்து, யோசித்துவிட்டுத்தான் திரும்பியது.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் பிடரியில் ஈரம் பட்டது. தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. ஆனால் கனம் இருந்தது. நனைந்த மல்லிகைச் சரத்தின் கனம்.

கதவை யாரோ தட்டினார்கள். ஷஹீதா, கையில் மீன் கறிக் கிண்ணம்.

"என்ன ஆச்சி, பெரிய பூசையா? சாம்பிராணி எங்க வூடு வரைக்கும் மணக்குது."

"நான் ஏத்தல."

ஷஹீதா எட்டி உள்ளே பார்த்தாள். விளக்கு எரியவில்லை. மாமியார் படத்துக்குக் கீழே போன வாரத்துப் பூ காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் மணம் வந்துகொண்டே இருந்தது. கிண்ணத்தை ஆச்சியிடம் கொடுக்க மறந்து அவளே பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆச்சி எல்லாவற்றையும் சொன்னாள், புறங்கைக்குப் பின்னாலிருந்து. ஷஹீதாவுக்கு எதையும் முழுசாகக் கேட்டுவிட வேண்டும். நடுவில் பேசமாட்டாள், மாடிச் சேதியெல்லாம் சுமக்கிறவளின் தொழில் நேர்மை அது. முடிந்ததும் சொன்னாள்: "எங்க வூட்டுல உருவப்படமே மாட்டுறதில்ல. ஏன்னு இப்பத் தெரியுதா?"

ஆச்சியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி விடுங்க. ஒரு பொருளக் காணோம்னா வச்ச எடத்துலதானே தேடணும். போய்ப் பாத்துட்டு வாங்க."

படத்தில் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்று சொன்னால் பினாங்கில் எந்த வீட்டுக் கதவும் திறக்கும். ஆச்சி பெரிப் படகில் ஏறிப் பாகான் டாலாமுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெண் படத்துக்குச் சூடம் காட்டினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆச்சியின் விரல் கணுக்களில் சூடு ஏறியது. திரும்பி வரும்போது பெரியில் எதிரே இருந்த சீனக் கிழவி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். குனிந்து பார்த்தால், மடியில் இரண்டு கையும் கூப்பியபடி இருந்தன. பிரிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் சுங்கை பாக்காப்பிலிருந்து தயாளனின் போன். அஞ்சலை அம்மாளின் மகன்.

"அக்கா, நாளைக்கு அம்மாவுக்கு மொதத் தெவசம். படத்துல கன்னத்துப் பக்கம் வெள்ளையா பூத்திருக்கு. சொந்தக்காரங்க வர்றாங்க, கொஞ்சம் வந்து பாத்துடுங்க."

போனாள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கி நாற்காலியில் வைத்திருந்தார்கள். முன்னால் தலைவாழை இலையில் படையல்: சோறு, சாம்பார், வடை, அம்மாளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் ஓர் ஓரமாக. ஆச்சி பக்கத்தில் மண்டியிட்டுப் பஞ்சால் கன்னத்தைத் துடைத்தாள். பின்னால் பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. பாயசத்தோடு வந்த மருமகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். படத்தையும் பார்க்கிறாள், ஆச்சியையும் பார்க்கிறாள்.

உள் அறையிலிருந்து தயாளனின் அப்பா வந்தார். ஒரு வருஷமாக அவருக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. நேரே ஆச்சியிடம் வந்து கையைப் பிடித்தார்.

"எங்க போயிட்ட? சோறு ஆறுது பாரு."

ஆச்சி தயாளனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது. "அப்பாவுக்கு மறதி அக்கா," என்றான் மெதுவாக. "ஒரு நிமிஷம் உக்காந்துடுங்க, ப்ளீஸ்."

காக்கைக்கு இன்னும் வைக்கவில்லை. அது தெரிந்த எவரும் வாய் திறக்கவில்லை. ஆச்சி படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் படம். கழுத்தில் அந்த ஈரக் கனம் வந்து இறங்கியது, இந்தத் தடவை லேசாக அல்ல. பெரியவர் சோற்றைப் பிசைந்தார். நெத்திலியை முள் பார்த்து எடுத்து வைத்தார்.

சண்முகம் அவளுக்காக ஒருநாளும் சோற்றை ஆறவிட்டதில்லை. அவன் தின்று எழுந்த பிறகு மிஞ்சியதுதான் அவள் பங்கு. இந்த வீட்டில் ஒருத்திக்காக இத்தனை பேர் காத்திருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினால் போதும். அஞ்சலையாக எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம், மருமகள்கூட ஒதுங்கி வழிவிடுவாள் போலிருந்தது. ஆச்சிக்கு ஆசையாகத்தான் இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது.

பெரியவர் கவளத்தை நீட்டினார். "வாயத் தொற."

திறந்தாள்.

கவளம் பாதி வழியில் நின்றது. பெரியவர் குனிந்து, கிணற்றுக்குள் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அஞ்சலைக்குப் பல்லு இப்படி இல்லியே." கையை இழுத்துக்கொண்டார். "நீ யாரும்மா?"

ஆச்சியின் கை வழக்கப்படி வாய்க்குப் போனது. பாதியில் அதை இறக்கினாள்.

"முத்தம்மை."

"எந்த முத்தம்மை?"

"இந்தப் படத்த வரைஞ்சவ. இந்தப் பல்லுக்காரி."

பெரியவர் இன்னொரு தடவை பார்த்தார். "நல்ல பல்லு. கரும்பு கடிக்கலாம்."

எங்கிருந்து வந்ததோ, ஆச்சி சிரித்தாள். செத்தவளுக்குப் போட்ட இலைக்கு முன்னால், முப்பது பேர் பார்க்க, ஈறு தெரியச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள் என்றும் சொல்கிறார்கள். தயாளனின் மனைவி பிறகு ஷஹீதாவிடம் போனில் சொன்னது அது, அளந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். தயாளன் அவசர அவசரமாக ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்க் காக்கையைக் கூப்பிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி சேலைகூட மாற்றாமல் கேன்வாஸ் முன்னால் உட்கார்ந்தாள். பதினைந்து வருஷத்தில் அவள் ஒரு பல்கூட வரைந்ததில்லை. ஐசியில் யாரும் பல்லைக் காட்டுவதில்லை. செத்தவர்கள் படத்தில் குடும்பம் அதை விரும்புவதுமில்லை. அதனால் அது மட்டும் எந்த வீட்டுக்கும் போகாமல் அவளிடமே இருந்தது. முதலில் பற்களைப் போட்டாள், ஒன்றன்மேல் ஒன்று ஏறியபடி, உள்ளது உள்ளபடி. இரண்டு நாள் வெள்ளைத் துணியில் பற்கள் மட்டும் இருந்தன. முட்டை கேட்டு வந்த ஷஹீதா அதைப் பார்த்துவிட்டு முட்டை வாங்காமலே போனாள். பிறகு பற்களைச் சுற்றி உதடு வந்தது, உதட்டைச் சுற்றிக் கன்னம், கறுப்புப் பொட்டு, கண். யாரும் குறுக்கே வரவில்லை.

கழுத்து மட்டும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தாள், அது இன்னும் அஞ்சலையுடையதாகவே இருந்தது. ஆச்சி அந்த இடத்தை வெறும் துணியாக விட்டாள்.

அர்மேனியன் ஸ்திரீட்டில் திறப்பு விழா. ஷஹீதா நல்ல துப்பட்டா போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படத்துக்கு முன்னால் நின்று, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள்.

"கழுத்த எங்க ஆச்சி?"

"குடுத்துட்டேன்."

"திருப்பிக் கேக்கலாமில்ல?"

"அந்தப் பெரியவரு தெனமும் அதப் பாத்துதான் சாப்புடறாராம். எப்படிக் கேக்க?"

நித்யா ஒரு தட்டோடு வந்தாள். மரியாதைக்கு என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மல்லிகைச் சரம். ஆச்சியின் படத்துக்குச் சரத்தை உயர்த்தினாள்.

ஆச்சி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கையால் வாயை மறைக்கவில்லை.

"இதுக்கு வேணாம்மா. இது உயிரோட இருக்கு."

நித்யா சரத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். அன்று வெள்ளிக்கிழமை. வீடுகளில் விளக்கு வைத்துப் படங்களுக்குச் சரம் போடுகிற நேரம். ஷஹீதா காற்றில் சாம்பிராணியை மோந்தாள், ஆச்சியைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. அவள் எதையாவது சொல்லாமல் விட்டது அதுதான் முதல் தடவை. ஆச்சி சேலைத் தலைப்பால் பிடரியின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள்.