வலெட்டாவில் பார்க்க வேண்டியவை

தமயந்தி காதில் தொலைபேசியும் மடியில் சுற்றுலாக் கையேடுமாக, நியூசிலாந்தில் மவுண்ட் ரோஸ்கில் வீட்டின் குசினித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில், மால்டாத் தீவின் வலெட்டா நகரத்திலிருந்து தம்பி யசீகரன். இத்தாலிக்குப் படகேற்றுகிறேன் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன், அவனையும் வேறு சில பெடியன்களையும் அங்கே ஒரு விடுதியில் போட்டுவைத்திருந்தான். போலீஸ் கேட்டால் ஊர் பார்க்க வந்தோம் என்று சொல்ல வேண்டுமாம். என்ன பார்த்தாய் என்று கேட்டால் வாயில் பதில் இருக்க வேண்டும். அக்கா பக்கத்து எல்லர்ஸ்லியில் ஒரு பயண அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களுக்கு ஐரோப்பியப் பயணம் ஒழுங்குசெய்து கொடுக்கிறவள். ஆகவே பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை அவள் தலையில் விழுந்தது.

“சென் ஜோன்ஸ் சேர்ச் பார்த்தனியோ?”

“பார்த்தனான் அக்கா. சுவரெல்லாம் தங்கம். கீழ பார்த்தா நிலம் முழுக்கக் கல்லறை. மிதிக்க மனம் வரேல்லை, ஓரத்தாலதான் நடந்தன்.”

“கோட்டைக்குள்ள போர் நூதனசாலை ஒண்டு இருக்கு.”

“அதுக்கும் போனன். குண்டு விழுந்த வீடுகளின்ர படங்கள். சனம் டிக்கெட் எடுத்துப் பார்க்குது. எங்களுக்கு ஊரில ஓசியில காட்டினவங்கள்.”

அவன் சிரித்தான். அவன் அப்படித்தான், எங்கே கொண்டுபோய் விட்டாலும் சிரிக்க ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவான். ஒரு தடவையாவது அழுதிருந்தால், ஏசியிருந்தால், அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வருடம் அவன் கேட்டிருந்தான், நியூசிலாந்துக்கு ஸ்பான்சர் பண்ண முடியுமா என்று. முடியும். முதலில் வீடு, பிறகு அவன் என்றார் கணவர் இராசநாயகம். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ‘சட்டம் மாறிவிட்டது, இனிச் சகோதரங்களைக் கூப்பிட முடியாது’ என்று தம்பியிடம் சொன்னவள் தமயந்திதான். அவளுக்கும் வீட்டு ஆசை இருந்தது. சட்டத்தின் தலையில் போட்டுவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது என்று நினைத்தாள். இரண்டு வருடம் பொறு என்றிருந்தால் அவன் பொறுத்திருப்பான். அக்கா சொல்லை அவன் தட்டியதில்லை. அதை நினைக்கிற நேரமெல்லாம் புது வீட்டின் கதிரையில் உட்காரக்கூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அக்கா, இங்க ஒரு பெடியன் சொல்லுறான், அவன்ர மச்சானை நியூசிலாந்தில இருக்கிற தமக்கை கூப்பிட்டவவாம். போன மாசம்தான் போய்ச் சேர்ந்தவனாம்.”

தமயந்தி கையேட்டை மூடினாள். சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வராது என்று அவளுக்குத் தெரிந்தது.

“அவன் பொய்தானே சொல்லுறான்?”

“ஓம்” என்றாள்.

“நானும் அதைத்தான் சொன்னனான். என்ர அக்கா தெரியாமல் ஒண்டும் சொல்லமாட்டா எண்டு.” பிறகு குரலைத் தாழ்த்தினான். “படகு நாளைக்கோ நாளையிண்டைக்கோ எண்டு கதைக்கினம். போன் கார்ட் முடியப்போகுது, வைக்கிறன்.”

மறுநாள் அலுவலகத்தில் அவள் தப்பான ஊருக்கு டிக்கெட் போட்டாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் இராசநாயகத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

“சட்டம் எண்டோ சொன்னனீர்?” என்று ஒருமுறை கேட்டார். பிறகு, “எடும் போனை. படகில ஏறவேண்டாம் எண்டு சொல்லும். நாங்களே இங்க கூப்பிடுவம்” என்றார்.

விடுதிக்காரி எடுத்தாள். அங்கே காலை. யசீகரனா, அவர்கள் எல்லோரும் நேற்று இரவே, படகுகள் கட்டிநிற்கிற தென்கரை மீன்பிடிக் கிராமத்தைப் பார்க்கப் போய்விட்டார்களே என்றாள் ஆங்கிலத்தில், உற்சாகமாக. உன் தம்பி கெட்டிக்காரன், நான் இந்த ஊரிலேயே பிறந்தும் பார்க்காத இடங்களையெல்லாம் பார்த்துவிட்டான். தினமும் காலையில் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொல்வான். அந்தச் சேர்ச் நிலத்தைப் பற்றி அவன் சொன்ன பிறகு நானும் ஓரமாகத்தான் நடக்கிறேன்.

“என்னவாம்?” என்றார் இராசநாயகம்.

கமராவை மட்டும் கட்டிலில் மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றாள் விடுதிக்காரி. பரவாயில்லை, பிள்ளை திரும்பி வரும்வரை நான் பத்திரமாக எடுத்துவைக்கட்டுமா?

“ஓம்” என்றாள் தமயந்தி. “எடுத்து வையுங்கோ.”

தமிழில் சொல்கிறோம் என்பது அவளுக்குத் தெரியவில்லை. விடுதிக்காரி ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.