செண்பகவல்லி மாடிக்கு எல்லாரும் வாராங்க

இந்த மாடித்தோட்டக்காரங்க மாதிரி ஒரு கிறுக்குப் பிடித்த கூட்டத்தை எங்கேயும் பார்க்க முடியாது. முகம் தெரியாத ஆளுக்கு விதையைக் கவரில் போட்டு அனுப்புவார்கள். ஒரு செடியில் மாவுப்பூச்சி விழுந்தால் வாட்ஸப் குழுவே துக்கம் விசாரிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருத்தர் வீட்டு மாடியில் நேரில் கூடுவார்கள். அடுத்த கூட்டம் யார் மாடியில் என்று அன்றைக்குக் குழுவில் ஓட்டு நடந்துகொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் செண்பகவல்லி போனைக் கீழே வைக்காமல் ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அவள் மாடியில் ஒரு செடி இல்லை.

போன மாசம் வரைக்கும் இருந்தது. சங்குப்பூ என்ன, சிறகவரைப் பந்தல் என்ன, கால் வைக்க இடம் கிடையாது. ஆனால் வாடகை வீடாச்சே! கீழே சுவரில் ஓதம் இறங்குது என்று வீட்டுக்கார அண்ணாச்சி ஏறி வந்து பார்த்தார். "யம்மா, செடி வேணுமா, வீடு வேணுமா? நீயே சொல்லு" என்றார். வீடுதான் என்றாள், பாவம்! புருஷன் கோமதிசங்கர் லோடு ஆட்டோ பிடித்துத் தொட்டிகளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டான். மாடி முழுக்க வெள்ளைப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. குழுவில் இதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஈரோடா, சங்கரன்கோவிலா என்றுதான் ஓட்டு. சங்கரன்கோவில் மளமளவென்று ஏறியது. பதறிப்போய்த் தட்டினாள்: "என் மாடில ஒண்ணுமே இல்ல மக்கா. வேற எங்கனயாவது வைங்க."

சிரிப்புப் பொம்மைகளாக வந்து கொட்டின. கொட்டாதா பின்னே? தன் வீட்டில் கூட்டம் என்றால் மாடித்தோட்டக்காரர் எவரும் முதலில் சொல்லும் வார்த்தையே அதுதான். நாகர்கோவில் பெனிட்டா போன வருஷம், "எல்லாம் காஞ்சு கெடக்கு" என்றாள். போய்ப் பார்த்தால் பாகற்காய் தலையில் இடித்தது. அவளை அதிகம் கிண்டலடித்ததே செண்பகவல்லிதான்.

"அக்கா, எங்கிட்டயேவா?" என்று எழுதினாள் பெனிட்டா.

செண்பகவல்லி பொறுக்க முடியாமல் மாடியேறி, வெறும் தரையைப் போட்டோ எடுத்துப் போட்டாள். குழு அட்மின் கோயம்புத்தூர் ராஜேஷ்குமார், "பெயின்ட்டெல்லாம் அடிச்சு ரெடி பண்ணிட்டீங்களே மேடம்! செடியை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, அதோடு ஓட்டையும் முடித்துவிட்டார். சங்கரன்கோவில்தான்.

அட கூறுகெட்டவங்களா! உள்ளதைச் சொன்னால் நம்பினால் என்னவாம்? செண்பகவல்லிக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அந்நேரம் போன் அடித்தது. கடையநல்லூர் சாஜிதா பானு. சிறகவரை விதை கேட்டு ஆரம்பித்த பழக்கம், உடன்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்டாள். இன்னும் ஒருத்தரையொருத்தர் நேரில் பார்த்ததில்லை. இவளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடலாம், இவள் நம்புவாள்.

"சாஜிதா, நான் சொல்லுததைக் கேளு..."

"முதல்ல நான் சொல்லுததைக் கேளுங்கக்கா." சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "இவங்க துபாய்ல இருந்து லீவுல வந்திருக்காங்க. எந்தக் கூட்டத்துக்கும் என்னை விட்டதில்லல்லா? சங்கரன்கோவில்னா நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டாங்க! உங்க பந்தல்ல நின்னு நாம ரெண்டு பேரும் ஒரு போட்டோ எடுக்கணும்க்கா. ஈரோடு கீரோடுன்னு மாத்திட்டா எனக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே?"

செண்பகவல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். தொட்டி இருந்த தடம்கூடத் தெரியாமல் பெயின்ட் அடித்திருந்தார்கள். இல்லை என்று சொன்னால் இவள் வர மாட்டாள். வந்தால் பார்க்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வாரேன் என்கிற பிள்ளையிடம் வேறு எதைத்தான் சொல்ல முடியும்?

"வா தாயி," என்றாள். "உன் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா."

போனை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வெயில் உச்சந்தலையைப் பொசுக்கியது. ஒதுங்கி நின்று அழ ஒரு செடியின் நிழல்கூட அங்கே இல்லை.