மனந்திரும்பிய தேதி

என் தம்பி போதகர். சபைக்கெல்லாம் ஐயா, எனக்கு இன்னும் மூக்கொழுகிய பயல்தான். அதனால்தான் புதிய பாட்டுப்புத்தகத் தாள்கள் என் பைண்டிங் கடைக்கு வந்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முப்பது வருடமாக அந்தப் புத்தகத்துக்குப் பைண்டிங் நான்தான். பாட்டுகளுக்குப் பின்னால், எங்கள் சபை எதை நம்புகிறது என்று சொல்லும் விசுவாச அறிக்கை முப்பத்திரண்டு பக்கம் இருக்கும். இந்த முறை கட்டைத் தூக்கும்போதே கனம் குறைந்தது. விரித்துப் பார்த்தால் அறிக்கைக்குப் பதில் ஒரே ஒரு தாள். 'நான் மனந்திரும்பிய தேதி' என்று ஒரு கோடு, கையெழுத்துக்கு ஒரு கோடு. தேதி எழுதாதவர்கள் பார்வையாளர் பட்டியலுக்குப் போவார்களாம்!

மேசைக்கு எதிர்ப்பக்கம் என் மகள் தாள் மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. பிறந்ததிலிருந்து பேச்சு கிடையாது, எழுத்தும் ஏறவில்லை. ஆனால் வருடத்தின் முதல் ஞாயிறன்று சபை உறுப்பினர் பட்டியலை வாசிக்கும்போது, தன் பெயர் வந்ததும் டக்கென்று எழுந்து நிற்பாள். அவளுக்கு வருடம் முழுவதும் அதுதான் பெரிய நாள். அந்தப் பெயரையா எடுப்பான்?

பசைக் கிண்ணத்தை மூடிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சபை அலுவலகத்துக்கு நடந்தேன். உள்ளே தம்பியும், அவனோடு சபையை நடத்தும் ஐந்து மூப்பர்களும் இருந்தார்கள்.

"அக்கா, கூட்டம் நடக்குது."

"நடக்கட்டும். அறிக்கை எங்கடா?"

"அது பழைய பாஷைக்கா, யாரு படிக்கிறா? ஒவ்வொருத்தரும் சொந்தமா முடிவெடுக்கணும். முடிவெடுத்தவங்க சேர்ந்தாதான் சபை."

"நீ எப்ப முடிவெடுத்தே?"

"பதினேழு வயசுல."

"மூணு வாரக் குழந்தையா உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிட்டுப் போனது நான். தண்ணி பட்டதும் வீல்னு கத்தினே. அவ்வளவுதான் உன் முடிவு. அன்னைக்கே உன் பேரைப் பட்டியல்ல எழுதினாங்களே, தப்பா?"

மூத்த மூப்பரான தையல்காரர் சிரிப்பை மறைக்க இருமினார்.

"இரட்சிப்புக்கு விசுவாசம் வேண்டாமாக்கா?"

"வேணும். அதைக் கொடுக்கிறது யாரு? நாமளே தச்சுப் போட்டுக்கிறோமா?"

மேசைமேல், அந்த அறிக்கை அடங்கிய சபையின் பழைய புத்தகம் இருந்தது. பிரசங்கத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள முடியாதவர்களையும் தேவன் தம் ஆவியால் இரட்சிக்க வல்லவர் என்று சொல்லும் இடத்தைத் திறந்து அவன் முன் தள்ளினேன்.

"இவளுக்குத் தேதி வேணுமா? எழுதிக்கோ: தேவன் இவளைத் தெரிந்தெடுத்தது உலகம் உண்டாகிறதுக்கு முன்னாடி!"

"அவர் இவளைத் தெரிந்தெடுத்தார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"உன்னைத் தெரிந்தெடுத்தார்னு உனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் உங்க பிள்ளைகளுக்கும்னு அவர் வாக்குக் கொடுத்திருக்கார், அதனாலதானே? அதே வாக்கை நம்பித்தான் இவ பேரையும் பட்டியல்ல எழுதினோம். யாரோட தேதியை நம்பியும் இல்ல."

நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பொறுப்பேற்கும் போதகர் அறிக்கையை ஏற்பதாக உறுதிமொழி சொல்லி அந்தப் பக்கத்தில் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். அறிக்கையைப் பற்றி மனம் மாறினால் முதலில் மூப்பர்களிடம் சொல்வேன் என்பதும் அந்த உறுதிமொழியில் உண்டு. பதினொரு வருடத்துக்கு முன் போட்ட அவன் கையெழுத்து அங்கே இருந்தது.

"மாறிட்டேன்னு சொல்லியிருந்தா உன்னோட வாதாடியிருப்பேன். இப்படிச் சத்தமில்லாம அறிக்கையை உருவிட்டியேடா." கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

தன் கையெழுத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அவன் மூப்பர்கள் பக்கம் திரும்பினான். "அக்கா சொல்றது சரி. உங்ககிட்ட மறைச்சது என் தப்பு. அறிக்கையை முழுசா அச்சடிக்கலாம்."

அந்த ஒற்றைத் தாளைக் கடையில் பசை துடைக்க வைத்துக்கொண்டேன்.

முதல் ஞாயிறு வந்தது. தம்பி பட்டியலை வாசித்தான். என் மகளின் பெயர் வந்ததும் நிமிர்ந்து, அவளைப் பார்த்து, நிதானமாகச் சொன்னான். எழுந்தவள் உட்காரவில்லை. "உட்காருடி" என்று இழுத்துப் பார்த்தேன். மாட்டாளாம்.

போதகரின் பெயரை எப்போதும் கடைசியில்தான் வாசிப்பார்கள். தன் பெயரை அவன் மெதுவாக வாசித்து முடித்தான். நின்றபடியே அவள் அவனுக்குக் கை தட்டினாள்.