முகத்துணி விலகும் வேகம்

1

இந்தக் கதை ஒரு பிள்ளையாரிடமிருந்து பிறந்தது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது விச்சுவைப் பற்றி. முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

விச்சுவுக்குச் சுருட்டை முடி. அகலமான நெற்றி. நெற்றிக்குக் கீழே கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே

அங்கேயே நின்றுவிட்டது. அவர் போய் ஒரு வருஷம் ஆகிறது. மூக்கு வரைக்கும் என்னால் போக முடியவில்லை. மேலிருந்து கீழே எழுதினால் இதுதான் கஷ்டம், நடுவில் அறுந்தால் பாதி ஆள்தான் மிஞ்சுவார். அவருக்கே பிடிக்காத முறை. ஏன் பிடிக்காது என்பதுதான் கதை.

ஆகவே முழுக் கதையையும் முதலில் கலங்கலாகக் கொடுத்துவிடுகிறேன். புனேயில், தாபோடியில், இணையம் டெலிபோன் கம்பியில் ஊர்ந்து வந்த நாட்களில், ஒருவர் பிள்ளையாரை வெட்டினார், திட்டு வாங்கினார், மறுநாள் வெட்டாமல் அனுப்பினார்.

இனி கொஞ்சம் தெளிவாக.

2

சரசா என்று ஒருத்தி. [யாரென்று கேட்காதீர்கள்.] அவள் கணவர் விச்சு. [கதை வழக்கப்படி ‘அவன்’ போட்டுப் பார்த்தேன். கை வரவில்லை.] பகலெல்லாம் ஒரு கம்பெனிக்கு வலைப்பக்கங்கள் செய்வார், வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கங்கள் திறக்க இவ்வளவு நேரமாகிறதே என்று அந்தக் கம்பெனியையே திட்டுவார்.

கீழ் வீட்டில் லலிதாதாயி. தாயி என்றால் மராட்டியில் அக்கா. அவள் மகன் மிலிந்த் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபின் வந்த முதல் கணேச சதுர்த்தி. லீவு கிடைக்கவில்லை. அவன் நிற்காமல் அந்த வீட்டில் ஆரத்தி நடந்ததே கிடையாது.

“அவன் பப்பாவைப் பார்க்காமல் நான் ஆரத்தித் தட்டைத் தொட மாட்டேன்” என்றாள் தாயி, இந்தியும் மராட்டியும் கலந்து. பப்பா என்றால் அங்கே பிள்ளையார்.

“அவன் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறேன்” என்று விச்சு வாக்குக் கொடுத்துவிட்டார்.

3

பண்டிகைக்கு முதல் நாள் ஒத்திகை. போன வருஷத்துப் பிள்ளையார் படத்தை வலைப்பக்கத்தில் ஏற்றித் திறந்தால், கிரீடம் வந்தது. நெற்றி வந்தது. லைன் அறுந்தது.

விச்சு அந்தக் காலத்து வித்தை ஒன்றைச் செய்தார். பெரிய படத்தைத் துண்டுகளாக்கி ஒட்டவைத்தால், துண்டுகள் முந்திக்கொண்டு வரும், காத்திருப்பவருக்குச் சலிப்பிருக்காது. செய்து முடித்த சந்தோஷத்தில் மாடிப்படியில் நின்று தன் இந்தியில் கூவினார்:

“தாயி! பப்பா கோ நௌ துக்டே மே காட் தியா! அப் ஜல்தி ஆயேகா!”

பப்பாவை ஒன்பது துண்டாக வெட்டிவிட்டேன், இனி சீக்கிரம் வருவார்.

கீழே ஒரு பாத்திரம் விழுந்தது. தாயி கையில் மாவோடு ஏறி வந்தாள். திரையில் ஒரு காது, தொந்தி, எலியின் வால். மற்ற இடமெல்லாம் வெள்ளைக் கட்டங்கள்.

“அரே தேவா! அய்யர், உன்னை நல்லவன் என்றல்லவா நினைத்தேன்? நாளைக்குப் பண்டிகை, இன்றைக்கு மூர்த்தியைப் பின்னம் பண்ணிவிட்டு உட்கார்ந்திருக்கிறாய்! மிலிந்துக்கு இதைக் காட்டாதே. அவன் பார்க்கவே வேண்டாம்.”

[இங்கே தாயி அழுதாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அழவில்லை. கீழே போய் மோதகம் பிடிக்க உட்கார்ந்தாள். அது அதைவிட மோசம்.]

“ஏன்னா, வெட்டிட்டேன்னு மாடிலேர்ந்து கூவணுமா? கசாப்புக் கடையா நடத்தறேள்?” என்றாள் சரசா.

“வேற வழி ஒண்ணு இருக்குடி. அதுல முழுசா வருவார். ஆனா மொதல்ல ஒரே கலங்கல். கண்ணு மூக்கு தெரியாது, போகப் போகத்தான் தெளியும். அதை எவன் பாப்பான்?”

4

மறுநாள் காலை தாயியின் தம்பி ரிக்‌ஷாவில், மடியில் வைத்து, கணபதியைக் கொண்டுவந்தார். பிரதிஷ்டை ஆகும்வரை முகத்தைத் துணியால் மூடியிருப்பார்கள். தெருவே “கணபதி பப்பா மோர்யா!” என்று கோஷமிட்டது.

சரசா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏன்னா, இவருக்கும் கண்ணு மூக்கு தெரியலையே. எல்லாரும் என்னமா கும்பிடறா பாருங்கோ!”

விச்சு பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாய் நிறைய நுரையோடு, “துணி! சரசு, துணி!” என்று குதித்தார். அவள் துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

பிரதிஷ்டை ஆனதும் போட்டோ எடுத்து, ஸ்டுடியோவில் கழுவி, ஸ்கேன் செய்து, ஏற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. இந்த முறை துண்டு இல்லை.

“தாயி, இன்றைக்கு முழுசாக வருவார். முகத்தில் துணியோடு. பிறகு துணி தானாக விலகும்.”

தாயி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “வெட்டவில்லையே?”

“சத்தியமாக இல்லை.”

மஸ்கட்டிலிருந்து மிலிந்த் அம்மாவைப் போனில் கூப்பிட்டான். “ஆயி, ஏதோ ஆரஞ்சு மேகம் மாதிரி...”

“அதுதான்டா பப்பா! துணி போட்டிருக்கிறார். நீ பாடு!”

தட்டை எடுத்துவிட்டாள். வீடு முழுக்க ஆரத்திப் பாட்டு, ரிசீவருக்குள்ளிருந்து மிலிந்தின் கட்டைக்குரல், நடுநடுவே பாட்டை விட்டுவிட்டு: “தும்பிக்கை! ஆயி, காது, ரெண்டு காதும்!”

5

இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் கண்கள் தெளிந்து, “திஸ்லா!”, தெரிந்துவிட்டார் என்று மிலிந்த் கத்துகிறான். இன்னொன்றில் கண் தெளிவதற்குள் லைன் போய்விடுகிறது. யாரும் கவனிக்கவில்லை, பாட்டு நடக்கிறது. மூன்றாவதில் விச்சு

அது வேண்டாம்.

எது நடந்தது என்று சரசாவுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள். ஏனென்றால் இதோ, தாயி ஒரு மோதகத்தை விச்சுவின் வாயில் திணிக்கிறாள்; அவர் மென்றுகொண்டே தாளம் தப்பித் தப்பிக் கை தட்டுகிறார். நெற்றி, கண்ணாடி என்று வரிசையில் வரவில்லை. ஒரே தடவையில் வந்து நிற்கிறார், கற்பூரப் புகையில் கொஞ்சம் கலங்கலாக.

மிலிந்தின் திரையில் கண் மட்டும் இன்னும் தெளியவில்லை. அதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை. ஆள் முழுசாக வந்தாயிற்று.