செர்காம் சதுப்பில் நானூறாவது பறவை

செர்காம் சதுப்புக் காட்டில், அந்தோணிராஜ் இதுவரை காணாத பிட்டா கூவியது. கண்டால் அது அவருடைய நானூறாவது பறவை. கண்ணால் கண்டதையே பட்டியலில் எழுதுவது பறவை நோக்கர் மரபு. அவர் விழிகளிலோ புரை படர்ந்திருந்தது.

"எங்க, டோரிஸ்?"

"அந்த வேர் மேல லா. உங்க பைனாகுலர் வேற எங்கேயோ பாக்குது!" முப்பதாண்டுகளாக அவரைப் பறவைப் பைத்தியம் என்று ஏசிய மனைவி, மூச்சடக்கி நின்றாள். "முதுகு பச்சை, றெக்கை நீலம், வாலுக்கடியில ரத்தச் சிவப்பு. மாதாவே, என்ன அழகுங்க!"

பறவை புதருக்குள் மறைந்தது.

"எழுதுங்க. நான் பாத்தது போதாதா?"

"நீ பாத்தது உன்னோடது."

அவர் பட்டியல் நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, அவள் பெயரெழுதி, அதன்கீழ் பிட்டாவை முதலாவதாகக் குறித்தார். பின் அவள் கையைப் பற்றிக்கொண்டார்.

"அந்த நீலம் எப்படி இருந்துச்சு? மறுபடி சொல்லு."