தோற்பதற்குச் சம்பளம்

பதினோரு வருடம் நான் தோற்பதற்குச் சம்பளம் வாங்கினேன். சிரிக்காதீர்கள், என் வேலையே அதுதான். அரசு மருத்துவமனைகளுக்குக் கட்டில் செய்து தரும் கம்பெனியில் டெண்டர் பிரிவு எனக்கு. இப்படி நான்கு கம்பெனிகள். முதலாளிகள் நால்வரும் வெளியே கீரியும் பாம்பும், உள்ளே ஒட்டி உறவாடுவார்கள். இந்த முறை ஆர்டர் யாருக்கு என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு, மற்ற மூவரும் வேண்டுமென்றே அதைவிட அதிக விலை எழுதுவார்கள். எவ்வளவு எழுதித் தோற்க வேண்டும் என்று எங்கள் முதலாளி போனில் சொல்வார், நான் எழுதுவேன்.

போன டெண்டரின் கடைசி நாளன்று அவர் போனையே எடுக்கவில்லை. ஐந்து மணிக்குள் போட்டாக வேண்டும். நானும் எத்தனை தடவைதான் அடிப்பது? இரும்பு, பெயின்ட், கூலி, நியாயமான லாபம் எல்லாவற்றையும் கூட்டி நானே ஒரு விலை போட்டேன். ஜெயித்துத் தொலைத்தோம். முந்தைய வருட விலையில் அது சரிபாதி.

ஆர்டர் பிடித்துக் கொடுத்துத் திட்டு வாங்கிய ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். முதலாளி ஃபைலை என் மேசையில் விட்டெறிந்தார். மற்ற மூவரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, ஏதோ சாக்குச் சொல்லி அந்த ஆர்டரிலிருந்து விலகினார்.

அந்தப் பாதி விலைக்கு வாங்கியிருந்தால் ஆஸ்பத்திரிகளில் இரண்டு மடங்கு கட்டில் இருந்திருக்கும். அரசு ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குப் போன என் அண்ணி, கட்டில் இல்லையென்று இரண்டு நாள் பிள்ளையோடு தரையில் கிடந்தாள். பொய் விலையை எழுதியது என் கையாயிற்றே!

இப்படிக் கூட்டுச் சேர்ந்து விலையேற்றுவதை ஆதாரத்தோடு சொன்னால், சொன்னவருக்கு அபராதத்தில் ஒரு பங்கு தர அரசில் ஏற்பாடு இருக்கிறது. முதலாளி போனில் சொன்ன விலைகளை நான் குறித்து வைத்திருந்த நோட்டுகளை விசாரணை அதிகாரியிடம் காட்டினேன். படிவம் கொடுத்து, நிரப்பிக்கொண்டு வரச் சொன்னார்.

விஷயம் தெரிந்து அண்ணன் வீட்டுக்கு வந்தான். முதலாளிக்குக் கார் ஓட்டுபவன். எனக்கு இந்த வேலை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். புகார் கொடுப்பதைக்கூட ஒருவழியாக ஒப்புக்கொண்டான். படிவத்தின் கடைசிக் கேள்வியில்தான் முரண்டு பிடித்தான். வெகுமதி வேண்டுமா, வேண்டாமா?

"வேணாம்னு எழுது. காசுக்காகக் காட்டிக் குடுத்தாள்னு நாலு பேர் பேசுவாங்க. அந்தக் காசை வாங்கினா நீ எனக்குத் தங்கச்சியே இல்ல."

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் கத்தினேன்.

"பதினோரு வருஷம் பொய் எழுதிச் சம்பளம் வாங்கினேனே, முதல் மாசம் உனக்குச் சட்டை எடுத்துக் குடுத்தேனே, சந்தோஷமா போட்டுக்கிட்டியே! உண்மையைச் சொல்லி வாங்குற காசு மட்டும் நாறுதா?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். பிறகு குரல் இறங்கிக் கேட்டான், "ரெண்டு பேருக்கும் வேலை போயிடுமே, அப்புறம் என்ன பண்றது?"

"அதுக்குத்தாண்ணா அந்தக் காசு" என்றேன். 'வேண்டும்' என்ற கட்டத்தில் அவன் கண் முன்னாலேயே அழுத்தி டிக் அடித்தேன்.