பிய்ந்த களியின் கனம்

1.

அன்று இருந்தவர்கள்: மெக்கானிக் ராஜேந்திரன், என்ஜினுக்கு முன்னால் முக்காலியில். சொந்தமாக வேன் வாங்கி ஓட்டும் தேவி, பழைய டயர் மேல், மடியில் தூக்குப் போசி. நான், பக்கத்து ஸ்பேர்பார்ட்ஸ் கடை பஞ்சாட்சரம், வாசல் வெளிச்சத்தில், கையில் வெர்னியர் அளவுகோல். இடம் ஜமுனாமரத்தூர். நான்காவது ஆள் இல்லை. கதை பிறந்ததே அதனால்தான்: மற்ற இருவரும் தங்கள் கவனத்தில் இருந்தார்கள், நான் அளந்ததை யாரும் பார்க்கவில்லை.

2. (முதல் தொடக்கம், கைவிட்டது)

மலையேறும் வண்டிகளின் மூச்சைப் பற்றி எழுதுவதென்றால்—

வேண்டாம், அலங்காரம். நடந்தது இது. புளி மூட்டையோடு தேவியின் வேன் மேடேற முக்கியது. ராஜேந்திரன் என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் அடிமுகத்தை லேத் பட்டறையில் சீவவைத்தார். சீவினால் கம்ப்ரஷன் கூடும், இழுவை வரும். ஆனால் ஹெட் கீழே இறங்கும். வால்வு பிஸ்டனை நெருங்கும். இரண்டு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது இரண்டும் இடித்துக்கொள்ளும். பிஸ்டன் மேல் களிமண் வைத்து, ஹெட்டை மூட்டி, என்ஜினைக் கையால் சுற்றி, மறுபடி கழற்றி, நசுங்கிய இடத்தின் கனத்தை அளப்பார்கள். அன்று களிமண் தீர்ந்துபோயிருந்தது. தேவியின் போசியில் கேழ்வரகுக் களி இருந்தது.

"நான் துன்ன வச்சிருந்தத இஞ்சினுக்கு ஊட்றீங்களேண்ணா."

"அது துன்னாதாம்மா உன் மூட்டைய இழுக்கும்."

3.

(தேவி சிரித்தார் என்று எழுதி, அடித்துவிட்டேன். அவர் மணி பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை புளியோடு ஏழு பேரை ஏற்றிச் செங்கத்துக்கு இறங்க வேண்டும்.)

களி ஒட்டாமலிருக்க வால்வில் எண்ணெய் தடவ ராஜேந்திரன் மறந்திருந்தார். களி பிய்ந்து, பாதி வால்வோடு போய்விட்டது. மறுபடி மூட்டிக் கழற்ற அரை நாள் ஆகும். நான் இரண்டு துண்டையும் விரலால் ஒட்டி அளந்தேன். ஒட்டிய இடம் புடைத்திருந்தது தெரிந்தும்.

"இன்னா வருது பஞ்சு?"

"ரெண்டு."

உண்மையில் ஒன்றரைகூட இருக்காது. ராஜேந்திரன் ஹெட்டை மூட்டினார், தேவி வேனைத் தன் ஊருக்கு மெல்ல ஓட்டிப்போனார்.

4.

முடிவு அ: வேன் ஓடுகிறது. நான் மறந்துவிடுகிறேன்.

முடிவு ஆ: செங்கம் இறக்கம், இரண்டாவது கியர், என்ஜின் கத்துகிறது, வால்வு பிஸ்டனில் இடிக்க, வளைவில் ஏழு பேரோடு—*

* இதுவரை ராஜேந்திரனிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றினார். "எண்ணெய் தடவ மறந்தது நான்னு போட்டுக்கீறே. சரிதான். ஆனா இத்த படிக்கறவன் கையில வண்டி இல்லியே. வண்டி வெச்சினு கீறவளுக்கு எழுது."

5.

தேவியின் ஊரில் போனுக்கு டவர் கிடைக்காது. ஆகவே கடிதம்:

ஜமுனாமரத்தூர், புதன், மதியம் 2.10.

அன்புள்ள தேவிக்கு, நான் சொன்ன ரெண்டு, ரெண்டு இல்லை. பிய்ந்த களியை ஒட்டி அளந்தேன். தவறு என்னுடையது. வேனை எடுக்க வேண்டாம். ஹெட்டுக்கு அடியில் வைத்து அதை உயர்த்தும் தடித்த கேஸ்கெட் நாளைக் காலை போளூரிலிருந்து வரும். ராஜேந்திரனும் நானும் கொண்டு வருகிறோம். உங்கள் எதிரிலேயே அளக்கிறேன். கொஞ்சம் களி வைத்திருக்கவும்.

இதைப் படித்து அவர் என்ன சொல்வார் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்தேன். அது நான் எழுத வேண்டியதல்ல. வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

உறையைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி, விரலால் அழுத்தினேன். தேவியின் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பஸ் முதல் கியரில் மேடேறியது.